வாயில்லாப் பிள்ளைக்கு ஐந்து சொற்கள்



சென்ற திங்கள் இப்பகுதியில், மழைக்காலம் வருமுன் கூரைத் தகரத்தையும் சந்துச் சாக்கடையையும் சீர்செய்துகொள்ளும் வகை பற்றி எழுதியிருந்தோம். அது பயன்பட்டதாக மடல் விடுத்த செம்பூர் அன்பர் ஒருவர், மடலின் அடியில் ஒரு வினாவையும் சேர்த்திருக்கின்றார். "பிள்ளைகளின் பிடிவாதத்தால் நாய்க்குட்டி ஒன்று வாங்கினோம். ஐந்து மாதம் ஆகிறது. கூப்பிட்டால் வருவதில்லை, வருவோர் மேலெல்லாம் தாவுகிறது. பழக்கித் தருபவர் ஒருவரைக் கேட்டோம். அவர் சொல்லும் தொகை நம் போன்றோர்க்குக் கட்டாது. வீட்டிலேயே பழக்க இயலுமா?" என்பது அவர் வினா.

இயலும் என்பதே நம் விடை. இதனை நூலறிவு கொண்டு கூறவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் நமக்கு அத்துணை நூலறிவும் இல்லை. தாராவியில், பத்தடிக்குப் பதினைந்தடி அளவுள்ள ஓர் அறையில், நான்கு பேரோடு ஐந்தாம் உயிராக ஒரு நாயை வளர்த்து, முதலில் தவறாகப் பழக்கி, அதனால் ஒரு பெருந்துன்பத்தின் விளிம்பு வரை சென்று, பின்பு திருத்திக்கொண்ட பட்டறிவைக் கொண்டே கூறுகின்றோம். ஆதலின் இம்மாதப் பகுதி முழுவதும் அவ்வன்பருக்கே விடையாகுக.

மணி வந்த கதை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து மாலை ஒன்றில், பள்ளியிலிருந்து திரும்பிய நம் மகன் மழைச்சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தான். திறந்து பார்த்தால், கண் விழித்துச் சில வாரங்களே ஆன தெருநாய்க்குட்டி ஒன்று. தாய் 90 அடிச் சாலையில் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டதாம். நம் அன்னையார் அதனை வாசலைத் தாண்டவிடவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் அவரே கஞ்சி காய்ச்சினார். தமிழர் வீட்டு நாய்க்குப் பெயர் தேடி அலைய வேண்டுமா? மணி என்று அழைத்தோம்.

குட்டியாக இருந்த வரையில் சந்து முழுவதும் அதனைக் கொஞ்சியது. ஆறு மாதத்தில் அது முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. குட்டியாக இருந்தபோது தாவியதைக் கண்டு கைகொட்டிச் சிரித்தோம். வளர்ந்த பின்னும் அது அதே சிரிப்பை எதிர்பார்த்துத் தாவியது. குற்றம் யாருடையது என்பதை அன்பர்கள் அறிவர்.

விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம். அந்நேரத்தின் அவசரத்தை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. குடங்களுக்கு நடுவே புகுந்த மணி, எதிர்வீட்டு அண்ணாச்சியின் நான்கு வயதுப் பேர்த்தி மேல் தாவியது. பிள்ளை விழுந்தது, முழங்கால் சிராய்த்தது, நிறைகுடம் ஒன்று கவிழ்ந்தது. நாய் கடிக்கவில்லை. ஆயினும் அன்று முதல் அக்குழந்தை வீட்டுப்படி இறங்கவே அஞ்சிற்று.

அன்று மாலை அண்ணாச்சி வந்தார். உரக்கப் பேசுபவர் அல்லர். "தம்பி, சந்து எட்டு வீட்டுக்கும் பொது. ஒரு மாதம் பாருங்கள். நாய் அடங்கினால் இருக்கட்டும். இல்லை என்றால் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார். மகன் அன்றிரவு உண்ணவில்லை.

வீடுகளிலும் குடியிருப்புகளிலும் நாய் வளர்ப்பதை அண்டையார் தடுக்க இயலாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் நெறிமுறைகள் வெளியிட்டிருப்பதை நாம் அறிவோம். ஆனால் அண்ணாச்சியிடம் சட்டம் பேச நமக்கு மனம் வரவில்லை. நமக்கு நாயை வளர்க்க உரிமை இருப்பது போல, அவர் பேர்த்திக்கு அச்சமின்றிப் படி இறங்க உரிமை உண்டன்றோ?

நாம் செய்த தவறு

மறுநாளே பாடம் தொடங்கினோம். நாம் அறிந்த பாடம் ஒன்றே: நாம் பள்ளியில் கற்ற அதே பாடம். செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டோம். மணி தாவினால் ஓர் அடி. செருப்பைக் கடித்தால் "வா இங்கே!" என்று அழைத்து ஓர் அடி. அறைக்குள் சிறுநீர் கழித்தால், "வா இங்கே!" என்று அழைத்து, அந்த இடத்தைக் காட்டி ஓர் அடி. சில நாட்களில் அது தாவுவதைக் குறைத்தது. நம் முறை பலித்ததென்று மகிழ்ந்தோம்.

பத்தாம் நாள் மாலை, சந்து முனையில் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு மணி 90 அடிச் சாலைப் பக்கம் ஓடியது. "மணி, வா! வா இங்கே!" என்று கூவினோம். அது நின்றது, திரும்பி நம்மைப் பார்த்தது, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, நாம் கூப்பிடக் கூப்பிடப் பின்வாங்கிச் சாலைக்குள் இறங்கியது. அதனைப் பிடிக்க நம் மகன் பாய்ந்தான். தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. யாரோ லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்கள். ஓட்டுநர் நிறுத்தினார். விழுந்து கிடந்த மகனுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழமே இருந்தது.

முழங்கை சிராய்ப்போடு போயிற்று. மணி ஒரு கைவண்டிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு மருந்திடும்போது மகன் சொன்னான்: "நீங்கள் 'வா' என்றால் அடி விழும் என்று அதற்குத் தெரியும், அப்பா. அதனால்தான் வரவில்லை."

நமக்கு விடை கூற வாய் எழவில்லை. மதிப்பெண் பட்டியல் வந்த நாட்களில் நாம் "இங்கே வா" என்றால், அவனும் சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி வருவது நினைவிற்கு வந்தது.

அடியால் கற்பது என்ன?

மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி இடச் சென்றபோது, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் நகைக்கவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது: நாய் நம்மைப்போல் காரணகாரியம் ஆராய்வதில்லை. எது நிகழ்ந்த உடனே எது தொடர்கிறதோ, அவ்விரண்டையும் முடிந்துகொள்கிறது. செருப்பைக் கடித்தது பத்து நிமிடத்திற்கு முன். "வா" என்றதும் வந்தது இப்போது. அடி விழுந்ததும் இப்போது. ஆகவே அதன் கணக்கில் அடி செருப்புக்கு அன்று, வந்ததற்கே.

இரஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லோவ் என்பாரின் பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்றவர். உணவு வருமுன் ஓர் ஓசையைத் தொடர்ந்து எழுப்பிவந்தால், பின்பு அவ்வோசையைக் கேட்ட அளவிலேயே நாய்க்கு வாயூறுகிறது என்று கண்டவர் அவரே. வாயூறுவதற்குப் பொருந்தும் இவ்விதி நடுங்குவதற்கும் பொருந்தும். நாம் பத்து நாட்கள் "வா" என்னும் சொல்லை எழுப்பி அடியைக் கொடுத்தோம். மணி தன் பாடத்தைச் செவ்வையாகவே கற்றிருந்தது. ஆசிரியர்தாம் எதைக் கற்பிக்கிறோம் என்றறியாமல் கற்பித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும், குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும், பசியால் வாடும்படி கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தபோது, கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் கொணர்ந்த தனிநபர் மசோதாவே இச்சட்டத்திற்கு வித்து. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. "எங்கேயாவது விட்டுவிடுவது" என்பது சட்டத்திற்கும் அறத்திற்கும் ஒவ்வாதது என்பதை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தொடங்குமுன் அறிய வேண்டியவை

முதலாவது, காலம். எட்டு வாரக் குட்டிக்கே பாடம் தொடங்கலாம். வளர்ந்த நாயும் கற்கும். பொறுமைதான் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஒரு பாடம் மூன்று முதல் ஐந்து நிமிடத்தைத் தாண்டலாகாது. நாளைக்கு மூன்று வேளை போதும். உணவுக்கு முன் வைத்துக்கொள்வது நலம். நாம் வேலைக்குப் புறப்படுமுன் ஒன்று, திரும்பியபின் ஒன்று, இரவு உணவுக்கு முன் ஒன்று என வைத்தோம்.

இரண்டாவது, பரிசு. வேகவைத்த கோழியிறைச்சியைப் பட்டாணி அளவாக நறுக்கி வைத்துக்கொள்ளலாம். சைவ இல்லத்தார் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காரட் ஆகியவற்றைத் தரலாம். மாதுங்காவில் நம் நண்பர் வீட்டு நாய் காரட்டுக்கே தலைகீழாக நிற்கிறது. ஆனால் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியன நாய்க்கு நஞ்சு. உலர்திராட்சை இட்ட பொங்கலையும் பாயசத்தையும் அன்பின் மிகுதியால் ஊட்டிவிடாதீர்கள். சைலிட்டால் என்னும் இனிப்பு சேர்த்த, சர்க்கரை இல்லாத சவைமிட்டாயும் ஆகாது.

மூன்றாவது, நேரம். நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே "சபாஷ்" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். சொன்ன உடனே பரிசு வாய்க்குப் போக வேண்டும். பையைத் துழாவிக்கொண்டிருந்தால், அதற்குள் அது எழுந்து காதைச் சொறியும்; பரிசு காது சொறிந்ததற்காகிவிடும்.

நான்காவது, சொல் ஒருமுறையே. "உட்கார், உட்கார், உட்காரேன்டா" என்று அடுக்கினால், மூன்றாவது முறைக்குப் பிறகு உட்கார்வதே ஒழுங்கு என்று நாய் கற்றுக்கொள்ளும். இது பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

எந்தச் சொல்?

இங்கே நம் வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. அதனைச் சற்று விரித்துக் கூறுகின்றோம். ஏனெனில் பல தமிழ் இல்லங்களிலும் இது எழும்.

நாம் "உட்கார்" என்றோம். நம் அன்னையார் திருநெல்வேலிப் பக்கத்தவர். விருந்தினரை "வாங்க, இருங்க" என்று அமரச் சொல்லும் வழக்கத்தவர். அவர் மணியையும் "இரு" என்றார். நாமோ அசையாமல் நிற்பதற்கு "இரு" என்னும் சொல்லை வைத்திருந்தோம். நம் மகன் தோழர்களோடு பேசும் பழக்கத்தில் "பைட்" என்று இந்தியில் கூறினான். இல்லாள் வாய் திறவாமல் விரலை நீட்டினார். ஒரே செயலுக்கு நான்கு கட்டளை; ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். மணி நால்வரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது.

அடுத்த சிக்கல் ஒலி. "படு" என்றும் "விடு" என்றும் இரு கட்டளை வைத்தோம். இரண்டும் "டு" என்றே முடிகின்றன. எலும்பை விடச் சொன்னால் மணி எலும்போடு படுத்துக்கொண்டது. பிழை அதன் செவியில் இல்லை.

ஆகவே ஒரு ஞாயிறன்று நால்வரும் அமர்ந்து ஐந்து சொற்களை முடிவு செய்தோம்: உட்கார், படு, நில், வேண்டாம், ஓடிவா. ஒன்றன் ஒலி மற்றொன்றோடு மயங்காது. "வா" என்னும் சொல்லைக் கைவிட்டோம். அச்சம் ஏறிக் கெட்டுப்போன சொல்லைத் துலக்கிக்கொண்டிருப்பதை விட, புதுச்சொல்லைத் தொடங்குவது எளிது என்பது மருத்துவர் தந்த அறிவுரை. ஐந்தையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். தமிழைத் தயங்கித் தயங்கியே எழுதும் நம் மகன்தான் அதனைப் பெரிய எழுத்தில் எழுதினான்.

மொழி மாறினால் நாய்க்குத் தெரியுமா என்று கேட்கலாம். மெக்சிகோவிலிருந்து ஹங்கேரி நாட்டிற்குத் தம் நாயோடு குடிபெயர்ந்த லாரா குவாயா என்னும் ஆராய்ச்சியாளருக்கும் இதே ஐயம் எழுந்தது. புதாபெஸ்ட் நகரில் 18 நாய்களைக் கொண்டு செய்த சோதனையை அவரும் அவர் குழுவினரும் 2022-இல் வெளியிட்டனர். பழகிய மொழியையும் பழகாத மொழியையும் கேட்கும்போது நாயின் மூளை வெவ்வேறு வகையில் இயங்குகிறதாம். வயது முதிர்ந்த நாய்களில் அவ்வேறுபாடு மேலும் தெளிவாம். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இச்செய்தி சிறிது ஆறுதலாகவே இருந்தது. நம் வீட்டு மணி, தமிழ் பேசும் வீட்டின் நாய் என்பதைத் தானும் அறியும்.

ஐந்து பாடங்கள்

உட்கார்: பரிசை நாயின் மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்நோக்கிக் கொண்டு செல்லுங்கள். மூக்கு மேலே எழ, பின்புறம் தானே தாழும். தரையைத் தொட்டதும் "சபாஷ்", பரிசு. முதுகை அழுத்தி உட்கார வைக்க வேண்டா. கையசைவிற்குத் தவறாமல் உட்காரத் தொடங்கிய பின்பே சொல்லைச் சேர்க்க வேண்டும்; சொல் முன்னே, கையசைவு பின்னே.

படு: உட்கார்ந்திருக்கும் நாயின் மூக்கிலிருந்து பரிசை நேர்கீழாக முன்கால்களுக்கிடையே தரைக்குக் கொண்டு செல்லுங்கள். முழங்கை தரையில் பட்டதும் பரிசு.

நில்: உட்கார்ந்த நாயின் முன் உள்ளங்கையை விரித்துக் காட்டி "நில்" என்று கூறி, ஒரு நொடி பொறுத்துப் பரிசு தருக. பின்பு இரண்டு நொடி, ஐந்து நொடி. நேரம் கூடிய பின்பே தொலைவு. ஓரடி பின்வாங்கி, மீண்டும் நாமே அதனிடம் சென்று பரிசு தர வேண்டும். முடிந்ததும் "போகலாம்" என்று விடுதலை சொல்ல மறக்கலாகாது. பச்சைக் கொடி காட்டாமல் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது முறையன்று.

வேண்டாம்: மூடிய கைக்குள் பரிசை வைத்து நீட்டுங்கள். நாய் நக்கும், பிராண்டும், பேசாதிருங்கள். அது சலித்து மூக்கை விலக்கிய நொடியில் "சபாஷ்" என்று, மற்றொரு கையிலிருந்து அதைவிட நல்ல பரிசு தருக. விலகினால் மேலானது கிடைக்கும் என்பதே பாடம். எலிப்பாடாணமும் கோழியெலும்பும் கிடக்கும் நம் சந்துகளில் இச்சொல் உயிர் காக்கும்.

ஓடிவா: இதுவே தலையாயது. அறைக்குள் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் மகிழ்ந்த குரலில் அழைத்து, வந்ததும் எல்லாவற்றிலும் சிறந்த பரிசைத் தருக. பின்பு சந்தில், பதினைந்தடிக் கயிற்றைப் பூட்டிப் பழக்குக. நாய் வராவிட்டால் துரத்தாதீர்கள். குந்தி அமர்ந்து அழையுங்கள், அல்லது எதிர்ப்பக்கம் ஓடுங்கள். அது உங்களைத் துரத்தும். அழைத்து வந்த நாயை எக்காரணம் பற்றியும் கடியாதீர்கள். குளிப்பாட்டவும் நகம் வெட்டவும் இச்சொல்லால் அழைக்காதீர்கள். நீங்களே சென்று கொண்டுவாருங்கள். "ஓடிவா" என்பதற்குப் பின் நல்லதே நிகழ வேண்டும், என்றும்.

தாவும் பழக்கத்திற்குத் தனிச்சொல் இல்லை. தாவினால் முகத்தைத் திருப்பி, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். தொடுவதும் கத்துவதும் கூடா. நான்கு காலும் தரையில் பட்டதும் அன்பு காட்டலாம். வீட்டில் ஒருவர் மட்டும் விதியை மீறினாலும் பாடம் பாழாகும்.

பழகிய செயலுக்குப் பரிசைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பாராட்டைக் குறைக்க வேண்டா. புதாபெஸ்ட் ஆராய்ச்சியாளரே 2016-இல், அசையாமல் படுத்திருக்கப் பழக்கிய 13 நாய்களின் மூளையை ஆராய்ந்து, பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் ஒருங்கே அமைந்தால்தான் நாயின் உள்ளம் பெரிதும் மகிழ்கிறது என்று கண்டனர். கடுகடுத்த முகத்தோடு "சபாஷ்" என்பதில் பயனில்லை.

நாயின் வாலை நிமிர்த்த இயலாது என்பர் நம் முன்னோர். வால் வளைந்தே இருக்கட்டும். அறிவுறுத்தினால் நாய் எவ்வளவு உயரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுகள் உள்ளன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனுக்கு அருகே அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. நாம் வாழும் இம்மும்பையில், 1993 மார்ச்சுத் தொடர் குண்டுவெடிப்பின்போது காவல்துறையில் பணியாற்றிய ஜஞ்சீர் என்னும் லாப்ரடார் நாயை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தன் பணிக்காலத்தில் 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தை மோப்பம் பிடித்துக் காட்டியது அது. 2000 நவம்பரில் இறந்தபோது முழு மரியாதையோடு அடக்கம் செய்தனர். அதன் கல்வியும் "உட்கார்", "நில்" போன்ற சிறு சொற்களில்தான் தொடங்கியிருக்கும்.

மாதம் முடிந்தது

நாட்கள் குறைவு, ஆயினும் விடாது செய்தோம். முதல் வாரம் மணி "ஓடிவா" என்றால் பாதி வழியில் நின்று நம் கையைப் பார்க்கும். செய்தித்தாள் இருக்கிறதா என்று பார்க்கிறது என்பதை அறிந்து நமக்குத் தலை தாழ்ந்தது. இரண்டாம் வாரம் முழு வழியும் வந்தது. மூன்றாம் வாரம் நம் மகன் அழைத்தால் பறந்து வந்தது; நாம் அழைத்தால் நடந்து வந்தது. அவ்வேறுபாடு நீங்க மேலும் இரு மாதங்கள் ஆயின. அடி கொடுத்தது பத்து நாள். அதனை மறக்கச் செய்ய மூன்று மாதம்.

கெடு முடிந்த நாள், அண்ணாச்சியைத் தேடி நாமே சென்றோம். "பேர்த்தியை வற்புறுத்த வேண்டாம், அண்ணாச்சி. படியிலிருந்தே பார்க்கட்டும்" என்றோம். மகன் மணியைப் பத்தடி தள்ளி நிறுத்தினான். குழந்தை நெடுநேரம் பாட்டியின் சேலைக்குள் இருந்தது. பின்பு தலையை மட்டும் நீட்டி, மெல்லிய குரலில், "உக்காரு" என்றது. நாம் எழுதி ஒட்டிய சொல் அன்று. எனினும் மணி உட்கார்ந்தது. நம் மகனின் விரல் சற்று உயர்ந்திருந்ததை நாம் மட்டுமே கண்டோம். குழந்தை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தது. மணி உட்கார்ந்தே இருந்தது.

அண்ணாச்சி மீசையைத் தடவியபடி, "நம்ம வீட்டுப் பிள்ளைகளே இப்படிக் கேட்பதில்லை, தம்பி" என்றார். கெடுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

மகனைப் பற்றியும் ஒரு சொல். மதிப்பெண் பட்டியலை இப்போது அவனே கொண்டுவந்து நீட்டுகிறான். கணக்கில் இன்னும் குறைவுதான். நம் கையில் ஒன்றும் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்கிறான். பின்பு அருகில் அமர்கிறான்.

சில குறிப்புகள்

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, மருத்துவர் கூறியபடி மீண்டும் மீண்டும் இட வேண்டும். மழைநீர் தேங்கும் நம் பகுதிகளில் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் தேவை. பரேலில், 1874-இல் தோன்றிய விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை இருப்பது பலரும் அறிந்ததே. மும்பை மாநகராட்சியிடம் நாய்க்கு உரிமம் பெறவும் தவறலாகாது. எந்த நாய் கடித்தாலும், பல் பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் தாழ்த்தற்க.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாயையும் அழைத்துச் செல்ல எண்ணுவோர்க்கு, நம் அலுவலக அனுபவத்தால் கூறுகின்றோம். முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாகப் பதிவு செய்தவர் மட்டுமே நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். ஏனைய வகுப்புப் பயணிகளின் நாய்கள் பிரேக் வேனில் உள்ள கூண்டில் செல்ல வேண்டும். அதற்குப் பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே வந்து பதிவு செய்ய வேண்டும். உணவும் நீரும் உடையவர் பொறுப்பு. கூண்டைக் கண்டதும் நடுங்கிக் கதறும் நாய்களை நாம் எத்தனையோ கண்டிருக்கின்றோம். முன்கூட்டியே வீட்டில் ஒரு பெட்டியை வைத்து, உள்ளே நுழைந்தால் பரிசு, கதவைச் சாத்தினால் பரிசு எனப் பழக்கியவர்களின் நாய்கள் மட்டும் தாமே நுழைந்து படுத்துக்கொள்வதையும் கண்டிருக்கின்றோம்.

செம்பூர் அன்பரே, இன்று மாலையே தொடங்குங்கள். வீட்டார் அனைவரையும் அமர்த்தி, ஐந்து சொற்களை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு மடல் எழுதுங்கள்; நாயின் நலத்தோடு வீட்டார் நலத்தையும் எழுதுங்கள்.

அடுத்த திங்கள், ஊருக்குப் பார்சல் அனுப்புவோர் மூட்டை கட்டும் முறை பற்றிக் காண்போம்.